படமும் குறிப்பும்: நிழற்படங்களுக்குப் பெயரிடும் முறையின் வரலாறு

முன்னுரை

சங்கப் பாடல்களைக் கற்போர் பாடலின் அடியில் அமைந்த திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகிய குறிப்புகளின் துணையின்றிப் பொருள் காண்பதில்லை. அக்குறிப்புகள் பாடலின் பகுதி அல்ல. தொகுத்தோரும் பின்வந்தோரும் சேர்த்தவை. எனினும், குறிப்பு இழந்த பாடல் எத்தகைய இடர்ப்பாட்டுக்கு உள்ளாகும் என்பதைத் தமிழறிஞர் நன்கறிவர். குறுந்தொகையின் 40ஆம் பாடலை இயற்றியவர் பெயர் கிடைக்காமையால், பாடலுள் வரும் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என அவர் அழைக்கப்பட்டார். பொருளுக்குப் பக்கத்தில் பொருளைப் பற்றிய செய்தியை எழுதி வைப்பதும், அச்செய்தி பிரிந்தால் பொருள் ஊமையாவதும் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல என்பது இதனால் விளங்கும்.

நிழற்படத்துக்கும் இந்நிலை பொருந்தும். கணினியில் ஆயிரக்கணக்கான படங்களைக் கோப்புறைகளில் இட்டு, விண்மீன் குறி, வண்ணக்குறி, குறிச்சொல், விளக்கம் எனப் பலவகையாக அடையாளமிடும் பழக்கம் இன்று பரவலாகியுள்ளது. கோயிற்கலை, கல்வெட்டு, சுவடி, நாட்டார் வழக்காறு ஆகிய துறைகளில் களப்பணி செய்வோர் அனைவரும் இப்பணியைச் செய்தே தீர வேண்டும். இப்பழக்கம் கணினியோடு தோன்றியதன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. குறிப்பு படத்தினின்று எவ்வளவு தொலைவில் வைக்கப்பட்டது என்னும் ஒரே வினாவைக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படத்தின் உள்ளும் புறமும்

நிழற்படக் கலை 1839இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளுக்குள் அது சென்னை மாகாண அரசின் பணிகளுள் ஒன்றாயிற்று. 1856இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அலுவலர் மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக நியமிக்கப்பட்டார். தஞ்சை, திருச்சி, மதுரை, திருவரங்கம், புதுக்கோட்டை ஆகிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைக் காட்டும் படம் தனிச்சிறப்புடையது. 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் சுருளாக அது அமைக்கப்பட்டது. கல்வெட்டுகளைப் படியெடுக்கும் கருவியாக நிழற்படத்தைப் பயன்படுத்திய தொடக்ககால முயற்சிகளுள் இஃது ஒன்று. அக்கல்வெட்டுகளின் பாடம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ச் பதிப்பாக வெளிவரத் தொடங்கியது 1890களில்தான். 

டிரைப்புக்குச் சில ஆண்டுகள் பின்னர், 1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் வேறொரு முறையைக் கையாண்டார். கண்ணாடி எதிர்ப்படத்தின் மீதே தம் பெயரையும் வரிசை எண்ணையும் அவர் எழுதினார். அவ்வெழுத்து அச்சிடப்படும் ஒவ்வொரு படியிலும் படத்தின் பகுதியாகவே பதிந்தது. அவர் பங்குகொண்டு தொடங்கிய போர்ன் அண்டு ஷெப்பர்ட் நிறுவனத்தின் கொல்கத்தாக் கட்டடம் 1991இல் தீக்கிரையானபோது அங்கிருந்த காப்பகத்தின் பெரும்பகுதி அழிந்தது. 2016இல் அந்நிறுவனமும் மூடப்பட்டது. ஆயினும், உலகின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் படிகளை அவற்றின் மூலையில் உள்ள எண்ணைக் கொண்டு இன்றும் அடையாளங்காண முடிகிறது. பதிவேடு அழிந்த பின்னும் படத்தினுள் எழுதப்பட்ட குறி நிலைத்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

இவ்விரு முறைகளோடு மூன்றாவது ஒன்றும் வழக்கில் இருந்தது. படத்துக்கு எண் மட்டும் இட்டு, விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதுவதே அது. எனவே, குறிப்பைப் படத்தின் உள்ளே எழுதுதல், படத்தை ஒட்டி எழுதுதல், தனியேட்டில் எழுதுதல் என மூன்று நிலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமைந்துவிட்டன. கணினி மென்பொருள்கள் கையாளும் முறைகளும் இம்மூன்றனுள் அடங்கும்.

பெயரிட்டோர் பார்வை

குறிப்பு எங்கு எழுதப்படுகிறது என்பது போன்றே எவரால், எம்மொழியில் எழுதப்படுகிறது என்பதும் இன்றியமையாதது. டிரைப்பின் தொகுதிகளில் திருவரங்கம் 'சீரிங்கம்' எனவும், புதுக்கோட்டை 'பூடூகோட்டா' எனவும், திருவையாறு 'திரிவாடி' எனவும், விமானம் 'பிமானம்' எனவும் ஒலிக்கும் வகையில் ஆங்கில எழுத்துகளில் எழுதப்பட்டன. அக்கால ஆங்கிலேயர் செவிக்கு எட்டியவாறு அமைந்த பெயர்கள் இவை. திருவையாறு என இன்று தேடுவோர்க்கு அப்படம் கிட்டாது. பழைய பெயரை அறிந்தவர்க்கே கிட்டும். பெயர் மாறின் பொருளும் மறையும் என்பதற்கு இது சான்றாகும்.

எழுத்துக்கூட்டலினும் கடுமையான சிக்கல் ஒன்று மக்களைப் படமெடுத்தபோது எழுந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகியோர் பதிப்பித்த 'இந்திய மக்கள்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொகுப்பு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இடம்பெற்ற மனிதருள் பெரும்பாலோர் தம் பெயரால் அன்றிச் சாதி, இனக்குழுப் பெயரால் சுட்டப்பட்டனர். ஒரு மனிதரின் படம் ஒரு வகையின் மாதிரியாக மாறுவதற்கு அடியில் எழுதிய ஒரு சொல்லே போதுமானதாயிற்று. உடன் அமைந்த விளக்கங்களில் அக்குழுவினரின் குணத்தைப் பற்றிய ஆட்சியாளரின் தீர்ப்புகளும் கலந்திருந்தன. படம் காட்டாத ஒன்றைக் குறிப்பு காட்டியது. காண்போர் அதனைப் படமே காட்டியதாகக் கொண்டனர்.

எனவே, குறிப்பினை நடுநிலையான செய்தியாகக் கருதுதல் பொருந்தாது. உரையாசிரியரின் காலமும் சமயமும் உரையில் படிவது போன்று, பெயரிட்டவரின் பார்வை பெயரில் படிகிறது. இன்று பழைய படங்களை எண்முறைப்படுத்துவோர் பழைய குறிப்பை நீக்கிவிட்டுப் புதிய பெயரை மட்டும் இடுதல் தவறு; அதனை அவ்வாறே ஏற்றலும் தவறு. மூலபாடத்தையும் பாடவேறுபாட்டையும் ஒருங்கே தரும் பதிப்பாசிரியர் போலப் பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் பதிந்து, எது எவருடையது எனக் காட்டுதலே முறையாகும்.

தேர்வுக்குறியும் பெயர்க்குறியும்

படங்களுக்கு இடப்படும் அடையாளங்கள் இருவகைப்படும். ஒன்று, 'இது வேண்டும், இது வேண்டா' எனத் தெரிவு செய்வதற்கானது. மற்றொன்று, 'இது இன்னது' என அறிவிப்பது. முன்னதைத் தேர்வுக்குறி என்றும், பின்னதைப் பெயர்க்குறி என்றும் இங்கு வழங்கலாம்.

தேர்வுக்குறியின் தாயகம் இதழ் அலுவலகங்களின் படப்பிரிவு ஆகும். இருபதாம் நூற்றாண்டில் 35 மி.மீ. படச்சுருள் பரவிய பின்னர், ஒரு சுருளின் படங்கள் அனைத்தையும் ஒரே தாளில் சிறு அளவில் அச்சிடும் வழக்கம் ஏற்பட்டது. ஆசிரியர் அத்தாளை உருப்பெருக்கியால் நோக்கி, வேண்டிய படத்தைச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் வட்டமிடுவார். வேண்டாததைக் குறுக்கே கோடிட்டு அடிப்பார். இன்றைய மென்பொருள்களில் உள்ள கொடி, விண்மீன், வண்ணப்பட்டை ஆகியன அம்மெழுகுப் பென்சிலின் வழித்தோன்றல்களே.

பெயர்க்குறியின் வளர்ச்சியில் செய்தி நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அச்சுப்படியின் பின்புறம் தட்டச்சு செய்த சீட்டை ஒட்டி அனுப்புவது அவற்றின் வழக்கம். 1935இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் கம்பி வழியாகப் படம் அனுப்பும் பணியைத் தொடங்கியபோது, பின்புறச் சீட்டால் பயனில்லாது போயிற்று. கம்பி வழியே செல்வது படத்தின் முகப்பு மட்டுமே. அதனால் தட்டச்சிட்ட விளக்கத்தைப் படத்தின் ஓரத்தில் வைத்துப் படத்தோடு சேர்த்தே அனுப்பினர். குறிப்பு படத்தோடு பயணம் செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இவ்வாறு தொழில் தேவையால் உறுதிப்பட்டது.

தேர்வுக்குறி கணினியின் கோப்பு மேலாண்மைக்குள் நுழைந்ததற்கு 1991இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் 'சிஸ்டம் 7' இயங்குதளம் நல்ல எடுத்துக்காட்டு. கோப்புகளுக்கு ஏழு வண்ண அடையாளங்களை இட அது வழிசெய்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் பயனர் தாமே பெயரிடலாம். ஆனால் கோப்புடன் பதிந்தது வண்ணத்தின் வரிசை எண் மட்டுமே. பெயர் அந்தக் கணினியிலேயே தங்கிவிட்டது. ஒருவர் 'முடிந்தது' எனக் குறித்த கோப்பு மற்றொருவர் கணினியில் வேறு பொருள் தரக்கூடும். 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் முதற்பதிப்பில் இவ்வசதி கைவிடப்பட்டு, 2003இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2013இல் சொற்களால் ஆன குறிகளாக மாற்றப்பட்டது. வண்ணம் தானே பொருள் தராது. அதன் பொருள் ஒப்பந்தத்தால் அமைவது என்பதை இம்மாற்றங்கள் உணர்த்துகின்றன.

கோப்பினுள் குறிப்பு

எண்முறைப் படக்கோப்பின் உள்ளேயே எழுத்துக் குறிப்பைப் பொதிந்து வைக்கும் பொது முறையைச் செய்தித் துறையினரே வகுத்தனர். 1965இல் நிறுவப்பட்ட பன்னாட்டுச் செய்தித் தொடர்பு அமைப்பான ஐபிடிசி, அமெரிக்கச் செய்தித்தாள் சங்கத்துடன் இணைந்து 1990களின் தொடக்கத்தில் ஒரு தகவல் பரிமாற்ற வரையறையை உருவாக்கியது. தலைப்பு, எடுத்தவர், ஊர், நாள், குறிச்சொல், விளக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் அதில் ஒதுக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் அடோபி ஃபோட்டோஷாப் இதனை ஏற்றதால் இதழ் அலுவலகங்களுக்கு வெளியிலும் அது பரவியது.

அதே காலத்தில், 1995இல், ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு எக்ஸிஃப் என்னும் வரையறையை வெளியிட்டது. படம் எடுத்த நாள், நேரம், ஒளித்திறப்பு, மூடுவேகம் முதலியவற்றைப் படப்பெட்டி தானே எழுதும் முறை இதனால் வந்தது. மனிதர் எழுதும் குறிப்பும் பொறி எழுதும் குறிப்பும் ஒரே கோப்பினுள் இவ்வாறு அருகருகே அமர்ந்தன. படப்பெட்டி இடும் கோப்புப்பெயரோ நான்கு இலக்க எண்ணை மட்டுமே கொண்டது. 9999ஐ எட்டியதும் மீண்டும் 0001இல் தொடங்குவது. அதனை மட்டும் நம்பிப் படங்களை வைப்போர் வெவ்வேறு கோயில்களின் படங்களுக்கு ஒரே பெயர் அமைந்திருப்பதைப் பின்னாளில் காண நேரிடும்.

காஞ்சிபுரமும் 32 பைட்டுகளும்

ஐபிடிசியின் பழைய வரையறை ஆங்கில எழுத்துகளை மனத்திற்கொண்டு எழுந்தது. ஊர்ப்பெயருக்கு 32 பைட்டு, குறிச்சொல் ஒவ்வொன்றுக்கும் 64 பைட்டு, விளக்கத்துக்கு 2000 பைட்டு என அது எல்லை வகுத்தது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ் ஒருங்குறியை யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். அன்றியும், உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். புள்ளியும் ஒரு தனிக் குறியீடு.

காஞ்சிபுரம் என்னும் பெயரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் அது 11 எழுத்து, 11 பைட்டு. தமிழில் எழுதினால் க, கால், ஞ, புள்ளி, ச, இகரக்குறி, ப, உகரக்குறி, ர, ம, புள்ளி என 11 குறியீடுகள், 33 பைட்டுகள். எல்லையை ஒரே ஒரு பைட்டு மீறுகிறது. எல்லையை இறுகப் பின்பற்றும் மென்பொருள் அப்பெயரை வெட்டும்போது இறுதிப் புள்ளி சிதைந்து, மகர மெய் அகரமேறிய மகரமாகிறது. மெய் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்த இலக்கணம் ஒரு பைட்டுக் குறைவால் பிறழ்கிறது. சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் புள்ளியின்றி எழுதப்பட்ட சொற்களைப் படித்துப் பழகியவர் இதனை உய்த்துணர்வர், தேடுபொறி உய்த்துணராது. தஞ்சாவூர் 27 பைட்டில் அடங்கும். திருச்சிராப்பள்ளி 51 பைட்டு ஆதலின் அடங்காது. 'அர்த்தநாரீசுவரர் சிற்பம்' என்னும் குறிச்சொல் 70 பைட்டு ஆகி, 64 என்னும் எல்லையைத் தாண்டும்.

ஒருங்குறி பரவும் முன்னர் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறியேற்றங்களும், இணையத்தில் வழங்கிய டிஸ்கியும் எட்டு நுண்மி முறையைச் சார்ந்தவை. ஒரு வடிவத்துக்கு ஒரு பைட்டு என்பதால் ஊர்ப்பெயர் கட்டத்துக்குள் எளிதில் அடங்கியது. ஆனால் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. கட்டத்துள் அடங்கிய காலத்தில் பிறரால் படிக்க இயலவில்லை. பிறர் படிக்கக்கூடிய காலம் வந்தபோது கட்டத்துள் அடங்கவில்லை. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன்னர்த் தமிழில் எழுதப்பட்ட படக்குறிப்புகள் பலவற்றை இன்று மாற்றியமைத்தாலன்றிப் படிக்க இயலாது. எக்ஸிஃப் வரையறையின் பட விளக்கக் கட்டமும் நெடுங்காலம் ஆங்கில அடிப்படை எழுத்துகளுக்கே உரியதாக இருந்தது. 2023இல் வந்த மூன்றாம் பதிப்பே யூடிஎஃப்-8 எழுத்துமுறைக்கு முறைப்படி இடமளித்தது.

இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்தது 2001இல் அடோபி அறிமுகப்படுத்திய எக்ஸ்எம்பி வடிவமாகும். அது ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டது. பைட்டு எல்லை அற்றது. ஐபிடிசியின் கட்டங்கள் 2004-05இல் இவ்வடிவத்துக்கு மாற்றப்பட்டன. 2012இல் இது பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாயிற்று. ஒரே விளக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழி சுட்டித் தனித்தனியே எழுதும் வசதியும் இதில் உண்டு. எனினும் பழைய கட்டமும் புதிய கட்டமும் ஒரே கோப்பில் உடன் வாழ்வதால், எதனை முதலில் படிப்பது என்பதில் மென்பொருள்கள் வேறுபட்டு நின்றன. ஒரு மென்பொருளில் முழுமையாகத் தெரியும் தமிழ்ப்பெயர் மற்றொன்றில் குறைந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மென்பொருளின் ஆயுள்

குறிப்பு கோப்பினுள் எழுதப்படாமல் மென்பொருளின் தனித் தரவுத்தளத்தில் எழுதப்படுமாயின், அது பழைய பதிவேட்டு முறையே ஆகும். பதிவேடு தீயில் அழியலாம், மென்பொருள் கைவிடப்படலாம். பிக்காசா இதற்குத் தக்க சான்று. 2002இல் தோன்றி, 2004இல் கூகுள் வசமாகி, இலவசமாக வழங்கப்பட்ட அம்மென்பொருளின் பேணுகை 2016இல் நிறுத்தப்பட்டது. அதில் எழுதிய பட விளக்கம் பொதுவாகப் படக்கோப்பினுள் பதிந்தது. ஆனால் விண்மீன் குறியும் திருத்தங்களும் ஒவ்வொரு கோப்புறையிலும் இருந்த மறைகோப்பில் பதிந்தன. படங்களை மட்டும் படியெடுத்தவர் தெரிவு செய்த உழைப்பை இழந்தார். ஆப்பிளின் அப்பர்ச்சர் மென்பொருளும் இவ்வாறே 2015இல் விற்பனையிலிருந்து விலகியது.

குறி கோப்புடன் சென்றாலும் பொருள் உடன் செல்லும் என்பதற்கில்லை. எக்ஸ்எம்பியில் வண்ணக்குறி வண்ணமாக அன்றிச் சொல்லாகவே எழுதப்படுகிறது. ஒரு மென்பொருள் 'சிவப்பு' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுத, மற்றொன்று அதே வண்ணத்துக்குத் 'தெரிவு' என்னும் பொருள்படும் சொல்லை எதிர்பார்க்குமாயின், முன்னவர் இட்ட சிவப்பைப் பின்னது சிவப்பாகக் காட்டாது. திருத்தப்படாத மூலப் படக்கோப்புகளுக்கு எக்ஸ்எம்பி குறிப்பு பெரும்பாலும் தனித் துணைக்கோப்பாக உடன் வைக்கப்படுகிறது. படத்தை நகர்த்துவோர் துணைக்கோப்பை விட்டுவிடின் குறிப்பு பிரிந்துபோகும். செய்தியனுப்பும் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கும்போது குறிப்பை நீக்கிவிடுகின்றன. கம்பி வழியே படம் அனுப்பிய 1935ஆம் ஆண்டின் செய்தியாளர் எதிர்கொண்ட சிக்கலே வேறு உருவில் மீண்டும் வந்துள்ளது எனலாம்.

சான்றாகும் குறிப்பு

இவையனைத்தும் தொழில்நுட்ப நுணுக்கங்கள் மட்டுமே என எண்ணுவோர்க்கு விடையாக அமைவது திருப்புரந்தான் நடராசர் திருமேனியின் வரலாறு. சிறீபுரந்தான் எனவும் வழங்கும் இவ்வூர் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள கோயிலிலிருந்து களவாடப்பட்ட சோழர்காலச் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. முறையான உரிமை ஆவணங்கள் இருப்பதாகவே விற்றவர் காட்டினார். அவ்வாவணங்களை மறுத்த சான்றுகளுள் முதன்மையானது புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நிழற்படக் காப்பகத்தில் இருந்த படமாகும். 1955இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் படிமங்களையும் பல பத்தாண்டுகளாகப் படமெடுத்துப் பதிந்து வந்துள்ளது. களவுக்கு முன் எடுக்கப்பட்ட படமும் கலைக்கூடத்தில் இருந்த திருமேனியும் ஒன்றே என நிறுவப்பட்டது. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டார். விருத்தாசலத்திலிருந்து களவுபோய், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் சிற்பமும் அப்போதே ஒப்படைக்கப்பட்டது.

இங்கு மெய்ப்பித்தது படம் மட்டுமன்று. நடராசர் திருமேனிகள் பல உள. ஒரு திருமேனியின் படம் இன்ன ஊரில், இன்ன கோயிலில், இன்ன காலத்தில் எடுக்கப்பட்டது என்னும் பதிவு இல்லையேல், அது வடிவ ஒப்புமை காட்டும் அளவோடு நின்றிருக்கும். உரிமையை நிறுவப் பயன்பட்டிராது. அன்று ஊர்ப்பெயரையும் நாளையும் தவறாது பதிந்தவர்கள் வழக்கு எதனையும் எதிர்நோக்கிப் பதியவில்லை. வழக்கமான கடமையாகச் செய்தனர். குறிப்பின் பயன் எழுதும்போது தெரிவதில்லை என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

குறிப்பு எழுதும் உரிமை காப்பாளர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 சனவரியில் தன் பழைய படங்களுள் ஒரு பகுதியை ஃபிளிக்கர் தளத்தில் பொதுமக்கள் குறிச்சொல் இடும் வகையில் வைத்தது. பெயர் தெரியாதிருந்த இடங்களையும் மனிதரையும் பார்வையாளர் சிலர் அடையாளங்காட்ட, நூலகம் அவற்றைச் சரிபார்த்துத் தன் பதிவுகளைத் திருத்தியது. ஊராரிடம் கேட்டுப் பெயரறியும் களப்பணி முறையின் விரிவாகவே இதனைக் கருதலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு: விண்மீனும் வண்ணமும் தெரிவு செய்வார்க்கான தற்காலிகக் குறிகள், அவற்றை நிலையான செய்திக்குப் பயன்படுத்துதல் ஆகாது. ஊர், கோயில், பொருள், நாள், எடுத்தவர், அடையாளங்கண்டவர் ஆகியன சொற்களால் எழுதப்பட வேண்டும். அவை மென்பொருளின் தரவுத்தளத்தில் மட்டும் தங்காது, படக்கோப்பின் எக்ஸ்எம்பி பகுதியிலும் ஒருங்குறியில் பதியப்பட வேண்டும். பழைய கட்டங்களின் எல்லைக்குள் தமிழ்ப்பெயர் அடங்காத இடத்தில், முழுப்பெயரை விளக்கப் பகுதியில் எழுதுதல் பாதுகாப்பானது. பழைய குறிப்புகள் அழிக்கப்படாமல், எவருடையவை என்னும் விவரத்தோடு காக்கப்பட வேண்டும்.

தமிழ்த்துறைகளிலும் ஆய்வாளர் இல்லங்களிலும் கல்வெட்டு, சுவடி, விழா, கூத்து ஆகியவற்றின் படங்கள் கணினிகளிலும் குறுவட்டுகளிலும் குவிந்துள்ளன. எடுத்தவர் நினைவில் உள்ளவரை அவற்றுக்குப் பெயர் உண்டு. அந்நினைவு மறையும் முன் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் பின்வரும் ஆய்வுக்கு மூலமாகும். எழுதாதுவிட்ட படங்கள் பாடியவர் பெயரும் திணை துறையும் இழந்த பாடல்களின் நிலையை அடையும். அப்பாடல்களுக்கேனும் உள்ளிருக்கும் தொடரைக் கொண்டு ஒரு பெயரைத் தர இயன்றது. பேசா நிழற்படத்துக்கு அவ்வாய்ப்பும் இல்லை.